மூடுபயிர் (வடலூர் – நெய்வேலி வட்டாரம்)

மூடுபயிர் என்பது மண்ணைப் போர்த்திக் காப்பதற்கும் அதற்கு வளமேற்றுவதற்கும் விதைக்கப்படும் பயிர். தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி, மணிலா அகத்தி, காராமணி, நரிப்பயறு ஆகியவை தமிழகத்தில் இதற்குப் பயன்படுகின்றன. பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் அது பசுந்தாள் உரம். அறுத்து நிலத்தின்மேலேயே பரப்பினால் மூடாக்கு. மகசூலும் எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுக்க நிலத்தை மூடியும் வைக்கும் உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றையும் இந்த வகையில் சேர்ப்பது பொருந்தும். கடலூர் மாவட்டம் வடலூரைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் செம்மண் கொல்லை, ஏரிப் பாசனக் கழனி, சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண் என மூன்று வகை நிலங்கள் இருப்பதால், மூடுபயிரின் பயனையும் வரம்பையும் இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

மண்ணும் மழையும்

வள்ளலார் 1867-இல் தருமச்சாலை நிறுவிய வடலூருக்கு மேற்கே நெய்வேலி மேட்டுநிலம். கிழக்கே பெருமாள் ஏரிப் பக்கம் சரியும் தாழ்நிலம். மேட்டுநிலத்து மண், கடலூர் மணற்கல் என்று நிலவியலார் குறிக்கும் அடுக்கின்மேல் உண்டான செம்மண். இரும்பு மிகுந்தது, மட்கு குறைந்தது, அமிலத்தன்மை சார்ந்தது. இடும் மணிச்சத்தில் ஒரு பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்வதால் அது பயிருக்கு எளிதில் எட்டுவதில்லை. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். வெற்று நிலத்தில் அறையும் துளி மண்கட்டியை உடைக்கிறது. நுண்துகள் மேலே படிந்து இறுகி ஏடு கட்டுகிறது. அதன்பின் பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. இலையும் தண்டும் தரையை மூடியிருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

இங்குள்ள முதன்மைக் கொல்லைப் பயிரான மல்லாட்டை (நிலக்கடலை) பயறு இனத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பது. அதனால் மல்லாட்டை போட்டாலே மண் தேறிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது முழு உண்மையன்று. மார்கழிப் பட்டத்துச் செடியைப் பங்குனி, சித்திரையில் வேரோடு பிடுங்குகிறோம். காய் களத்துக்குப் போகிறது, கொடி மாட்டுக்குப் போகிறது. சேர்ந்த தழைச்சத்தில் பெரும்பகுதி அவற்றோடு வெளியேறிவிட, கிளறிவிடப்பட்ட நிலம் அக்னி நட்சத்திர வெயிலில் ஆடி வரை வெறுமனே கிடக்கிறது. ஆண்டுதோறும் இதே பயிரென்றால் இலைப்புள்ளி நோயும் வேரழுகலும் நிலத்தோடு தங்கிவிடுகின்றன.

முந்தைய தலைமுறையின் வரகுக் கொல்லையில் ஊடே துவரை நிற்கும். வரப்போரம் ஆமணக்கு நிற்கும். வரகின் சல்லிவேர் மேல்மண்ணைக் கட்டிப் பிடிக்க, துவரையின் ஆணிவேர் இறுகிய அடிமண்ணைத் துளைத்து இறங்கும். உதிர்ந்த துவரை இலையே அடுத்த பயிருக்கு எரு. இந்தக் கலப்பு கைவிடப்பட்டதுதான் இப்பகுதி மண்ணுக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

கழனியில் உளுந்து

மூடுபயிர் புதிய இறக்குமதி என்று எண்ணுவோர் குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் பக்கத்துக் கழனிகளைத் தை மாதத்தில் பார்க்க வேண்டும். சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தோ பயறோ வீசி விதைக்கிறார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும்: ஈரம் மிகுந்தால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. அரிவாள் வரும்போது முளை தாளுக்கடியில் நிற்கும். அதன்பின் உழவில்லை, பாசனமில்லை. எஞ்சிய ஈரத்தையும் பின்பனியையும் கொண்டு சுமார் எழுபது நாளில் காய்த்து முடிகிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 3 உளுந்து இந்த நெல் தரிசுக்கென்றே பெயர் பெற்ற இரகம். அறுவடை இயந்திரம் வந்தபிறகு சிக்கல் கூடியிருக்கிறது. டயர் வண்டி இளமுளையை நசுக்கித் தடமும் பதித்துவிடுவதால், உளுந்து விதைத்தவர்கள் பெல்ட் வண்டியைத் தேடுகிறார்கள்.

பசுந்தாள் வேலை செய்யும் விதம்

தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 முதல் 50 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். நன்கு வளர்ந்தால் ஏக்கருக்குப் பத்து டன் வரை பசுந்தழை கிடைக்கும். ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேரில் கோத்தாற்போல் இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை, அடுத்த முறை விதையை ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து விதைக்க வேண்டும். மணிலா அகத்தியில் தண்டிலும் இம்முடிச்சுகள் உண்டு. ஆகவே நீர் தேங்கும் வயலுக்கு அது ஏற்றது.

உழும் காலம் தவறக் கூடாது. இளந்தழை விரைவில் மட்கிச் சத்தை விடும். காய் பிடித்து முற்றினால் தண்டு நாராகிவிடும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், அடுத்து நட்ட பயிர் சில வாரம் வெளிறி நிற்கும்.

ஒரே வகைப் பசுந்தாளைவிடப் பல விதைகளின் கலவை மண்ணுக்கு நல்லது. இதைத் தமிழகத்தில் பல தானிய விதைப்பு என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வார் (1938–2013). மகாராட்டிரத்தின் ஸ்ரீபாத் தபோல்கரின் பட்டறிவு இதற்கு வழிகாட்டியது. கலவையில் கம்பு, சோளம், தினை, உளுந்து, காராமணி, கொள்ளு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, இவற்றோடு சணப்பையும் தக்கைப்பூண்டும் சேரும். ஒவ்வொரு வேரும் வெவ்வேறு ஆழத்தில் இறங்கி, வெவ்வேறு கசிவுகளை விடுவதால் மண்ணுயிர்களின் வகையும் பெருகுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உப்பேறிய நாகப்பட்டினம் வயல்களை மீட்கும் பணியிலும் நம்மாழ்வார் இத்தகைய வழிகளையே முன்னிறுத்தினார். ஆந்திர அரசின் இயற்கை வேளாண் திட்டத்தில் பருவமழைக்கு முந்தைய பல பயிர் விதைப்பு முதன்மை இடம் பெற்றுள்ளது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கேப் பிரவுன் என்னும் உழவரின் பண்ணை இதே கொள்கையால் உலகளவில் அறியப்பட்டது.

முந்திரித் தோப்பு

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மறுபடி நட்ட ஒட்டுச் செடிகள் கவிந்து மூடும்வரை வரிசைகளுக்கு இடையே நிலம் சில ஆண்டு திறந்தே கிடக்கும். அந்த இடைவெளியில் காராமணி, உளுந்து, கொள்ளு போடுவது தோப்புக்கும் நல்லது, கைச்செலவுக்கும் உதவும். தோப்பு கவிந்த பின் சருகே மூடாக்கு. அதைக் கூட்டிக் கொளுத்துவது தன் எருவைத் தானே எரிப்பதாகும்.

சுரங்க மண்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. கரிக்கு மேலுள்ள பல பத்து மீட்டர் மணலும் களியும் அகற்றப்பட்டு, கரி எடுத்த பள்ளங்களில் நிரப்பப்படுகின்றன. இப்படி மேலே வந்த மண்ணில் மட்கு இல்லை, மண்ணுயிர் இல்லை. அது மண் என்ற பெயருக்கு இன்னும் தகுதி பெறாத பொருள். நிரப்பிய நிலத்தில் மரமும் பயிரும் வளர்க்கும் ஆய்வுகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றுள்ளது. தொழுவுரம், பசுந்தாள், மரம் என்று படிப்படியாகத்தான் அந்த நிலத்தைத் தேற்ற முடியும். 2023 சூலையில் வளையமாதேவியில் இந்நிறுவனம் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பின் நியாயம் இங்கே விளங்கும். பல தலைமுறை சேர்த்த மேல்மண்ணைப் பணத்தால் திரும்ப வாங்க முடியாது.

தடைகள்

மூடுபயிரும் தண்ணீர் குடிக்கும். மானாவாரிக் கொல்லையில் கோடை மழை பொய்த்தால் அதை விதைக்காமல் விடுவதே சரி. இதைவிடப் பெரிய தடை, அறுப்பு முடிந்ததும் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடும் வழக்கம். ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர் மாடு மேய்ந்துவிடும். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து விதைப்பதே வழி. அது முடியாத இடத்தில் கொளுஞ்சி கைகொடுக்கும். கால்நடை அதைத் தொடுவதில்லை. ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதையிலிருந்து மறு ஆண்டும் தானே முளைக்கும். செம்மண்ணும் வறட்சியும் அதற்கு ஒரு பொருட்டல்ல. மேட்டுநிலத்துக்கு ஒரே ஒரு மூடுபயிரைத் தேர்வதானால் கொளுஞ்சியே முதலிடம் பெறும்.

தமிழக அரசு 2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைகள் மானியத்தில் வழங்கப்படுகின்றன. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம். மழை பெய்த பிறகு விதை தேடி அலைந்தால் ஈரம் காத்திருக்காது. பங்குனியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.