'இருமொழி' என்னும் அளவுகோல்: திருத்தணி எல்லைப் பகுதியை முன்வைத்துத் தமிழ் மென்பொருள் மதிப்பீட்டு வரலாறு (1983–2014)

திறவுச்சொற்கள்: தமிழ்க் கணிமை, எழுத்துரு, குறியாக்கம், திருத்தணி, தெலுங்கு, டேப், ஒருங்குறி, விசைப்பலகை

கணினிக் கருவிகளையும் மென்பொருள்களையும் அறிமுகப்படுத்தி மதிப்பிடும் எழுத்து 1990களில் தமிழில் ஒரு தனி இதழியல் வகையாக உருப்பெற்றது. 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழ், தினமலர் நாளிதழின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பு, எழுத்தாளர் சுஜாதாவின் அறிவியல் கட்டுரைகள் ஆகியன இவ்வகையில் முதலில் நினைவுக்கு வருபவை. ஆங்கிலக் கணினி இதழ்கள் ஒரு பொறியைச் செயலியின் வேகம், நினைவகம், வன்தட்டின் கொள்ளளவு, விலை ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரித்தன. தமிழில் தட்டச்சு செய்ய விரும்பியவருக்கோ இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வி இருந்தது. இங்கு உள்ளிட்ட பனுவலை வேறொரு கணினியில் படிக்க முடியுமா என்பதே அது. தமிழ் மென்பொருளின் தரத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கேள்வியே தீர்மானித்தது.

அதற்குக் கிடைத்த விடைகள் சென்னையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வந்தவை. தமிழும் தெலுங்கும் அன்றாடம் கலந்து வழங்கும் ஓர் எல்லையூரில் அவ்விடைகளை வைத்துப் பார்க்கும்போது, தமிழ்க் கணிமை வரலாற்றில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு குறை புலப்படுகிறது. அக்குறை 'இருமொழி' என்னும் சொல்லுக்கு அளிக்கப்பட்ட பொருளில் தொடங்குகிறது.

திருத்தணியின் இருமொழி

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது முதல் 1960 வரை திருத்தணி அம்மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூருடன் சேர்ந்து அங்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் தொடர்ச்சியாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி மக்களின் பேச்சு மாறவில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர். கே. பேட்டை வட்டாரங்களில் தெலுங்கு இன்றும் வீட்டுமொழியாக வழங்குகிறது. தெலுங்குவழிப் பள்ளிகளும் உள்ளன. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் அடியார்களில் ஆந்திரத்திலிருந்து வருவோர் பெருந்தொகையினர்.

இத்தகைய ஊரில் ஓர் அறிவிப்பையோ பழைய பத்திரத்தின் படியையோ பெயர்ப்பட்டியலையோ உருவாக்குபவருக்கு 'இருமொழி' என்றால் தமிழும் தெலுங்கும்தான். தட்டச்சுப் பொறியின் காலத்தில் இதற்குத் தீர்வே இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி தமிழை மட்டுமே அடிக்கும்; தெலுங்குக்கு மற்றொரு பொறி வேண்டும். கணினி வந்ததும் ஒரே பொறியில் எத்தனை எழுத்துகளையும் ஏற்றலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே.

ஓர் அட்டை, ஒரே விசைப்பலகை

இவ்வெதிர்பார்ப்பை முதலில் நிறைவேற்றியது ஒரு வன்பொருள் என்பது வியப்பளிக்கலாம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய இந்திய எழுத்து ஆய்வின் முன்மாதிரிப் பொறி 1983இல் புது தில்லியில் நடந்த உலக இந்தி மாநாட்டில் காட்டப்பட்டது. அப்பணி பின்னர்ப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் 'ஜிஸ்ட்' அட்டையாக வளர்ந்தது. கணினியின் உட்செருகு பள்ளத்தில் இதனைப் பொருத்தினால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலேயே இந்திய எழுத்துகளை உள்ளிடவும் திரையில் காணவும் இயன்றது.

இதன் அடிப்படை 'இஸ்கி' என்னும் குறியாக்கம். 1991இல் இந்தியத் தர அமைவனம் இதனைத் தரப்பாடாக ஏற்றது. இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்குரிய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண் என்பது இதன் நெறி. அதற்கு இணையான 'இன்ஸ்கிரிப்ட்' விசைப்பலகையிலும் தமிழ்ககரமும் தெலுங்குக் ககரமும் ஒரே விசையில் அமர்ந்தன. ஒரு மொழியில் விரல் பழகியவர் மற்றதையும் அடிக்கலாம். ஒரு பனுவலுக்குள் எழுத்து மாறும் இடத்தைச் சுட்டுவதற்கும் தனிக் குறி இருந்தது. திருத்தணி போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்று வேறில்லை.

ஆயினும் தமிழறிஞர்களும் மென்பொருளாளர்களும் இதனை விரும்பவில்லை. காரணங்கள் வலுவானவை. தேவநாகரியின் ஒலிவரிசையைச் சட்டகமாகக் கொண்டதால், தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய இடங்கள் வெற்றிடங்களாக நின்றன. னகரம் நகரத்தின் அருகிலும் றகரம் ரகரத்தின் அருகிலும் வைக்கப்பட்டன. எண்வரிசைப்படி அடுக்கினால் தமிழ் அகரவரிசை கிடைக்காது. இந்நிலையில் அகராதியோ நூற்பட்டியலோ வாக்காளர் பட்டியலோ தனி நிரல் ஒன்றின் துணையின்றி ஒழுங்குபடாது.

டேப் தந்த இருமொழி

தமிழர் தமக்கென அமைத்துக்கொண்ட வழி வேறு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் உருவாக்கிய முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு ஆகியவை இவ்வழியின் மைல்கற்கள். ஒவ்வொன்றும் எழுத்துகளைத் தனக்குரிய எண்களில் வைத்தது. எனவே ஒன்றில் உள்ளிட்டது மற்றொன்றில் குழப்பமான குறிகளாகத் தெரிந்தது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் இக்குழப்பத்தை நீக்கவே கூடின. இரண்டாம் மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு 1999 சூனில் தமிழ்99 விசைப்பலகையையும் 'டேம்', 'டேப்' என்னும் குறியாக்கங்களையும் ஏற்றது.

தமிழ்99 குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதலாவது தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரம் புள்ளி பெறும். இலக்கண நூல்கள் மெய்ம்மயக்கம் எனப் பேசிய செய்தி இங்கு விரலின் உழைப்பைக் குறைக்கும் நிரலாகியுள்ளது. தமிழ் மென்பொருள் வரலாற்றில் இலக்கண அறிவு இத்துணை நேரடியாகப் பயன்பட்ட இடம் வேறு உண்டா என்பது ஐயமே.

குறியாக்கத்தின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று. எட்டு நுண்மி அமைப்பில் 256 இடங்கள் உண்டு. முதல் 128 ஆங்கிலத்துக்குரியவை. டேப் எஞ்சிய 128க்குள் தமிழை அடக்கியது. டேம் ஆங்கிலத்தின் இடங்களையும் எடுத்துக்கொண்டு தமிழுக்குக் கூடுதல் வடிவங்களைத் தந்தது. டேம் என்பது ஒருமொழிக் குறியாக்கம், டேப் என்பது இருமொழிக் குறியாக்கம் என்பதே அப்பெயர்களின் விரிவு. இணையக் குழுக்களில் பரவிய தஸ்கியும் ஆங்கிலத்தை அப்படியே வைத்து மேற்பாதியில் தமிழை இருத்தியதே. ஆக, இவை அனைத்திலும் தமிழின் துணைமொழி ஆங்கிலம் என்பது விவாதமின்றியே முடிவாகியிருந்தது.

இம்முடிவின் பின்புலம் எளிதில் விளங்கக்கூடியது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மலாய்மொழி உரோமன் எழுத்திலேயே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவ்வாறே. அங்குள்ள தமிழருக்குத் தமிழும் உரோமனும் போதும். சென்னைத் தலைமைச் செயலகத்தின் கோப்புக்கும் அதுவே போதும். தமிழுக்கு அருகில் மற்றொரு பிராமிவழி எழுத்து தேவைப்பட்ட இடங்கள் திருத்தணி, ஓசூர், கன்னியாகுமரி போன்ற எல்லைப் பகுதிகளும், சிங்களத்தோடு வாழும் இலங்கையும்தான். தரப்பாட்டின் பெயரிலேயே அவ்விடங்கள் விடுபட்டன.

அக்காலத்தில் தமிழும் தெலுங்கும் கலந்த அழைப்பிதழ்களோ சுவரொட்டிகளோ அச்சாகவே இல்லை என்று இதற்குப் பொருளன்று. பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒரு வரிக்குத் தமிழ் எழுத்துருவையும் அடுத்த வரிக்குத் தெலுங்கு எழுத்துருவையும் தேர்ந்தால் தாளில் இரண்டும் வந்துவிடும். ஆனால் கணினிக்குள் இருப்பவை அதே 128 எண்கள். அவை எம்மொழிக்குரியவை என்பதை எழுத்துருவின் பெயரே சொல்லியது. கோப்பைத் தரவுத்தளத்துக்கோ மின்னஞ்சலுக்கோ மாற்றும்போது எழுத்துருவின் பெயர் உதிர்ந்தால், தமிழ் எது தெலுங்கு எது எனப் பிரித்தறிய வழியில்லை. தெலுங்கில் எழுதிய பழைய பத்திரத்தின் வாசகத்தைத் தமிழ் விளக்கத்தோடு ஒரே பதிவில் வைக்க முனைபவருக்கு இம்மென்பொருள்கள் பயன்படா. அச்சுக்குப் போதுமானதாக இருந்தது ஆவணத்துக்குப் போதவில்லை. ஆங்கிலத்தோடு மட்டும் ஒப்பிட்டுத் தமிழ் மென்பொருளை மதிப்பிட்டவரின் பார்வைக்கு இக்குறை தென்பட வாய்ப்பில்லை.

நினைவகம் எழுத்தைத் தீர்மானித்த காலம்

1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனி இடங்களைத் தந்தது. தாளில் தீர்ந்த சிக்கல் மேசைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 2000 இயங்குதளம் 'லதா' எழுத்துருவோடு தமிழை ஏற்றது. இந்தியும் அதில் இடம்பெற்றது, தெலுங்கு இல்லை. 'கௌதமி' எழுத்துருவோடு தெலுங்கு வந்தது 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில்தான். சென்னையிலிருந்த பயனருக்கு விண்டோஸ் 2000 நிறைவான தமிழ் இயங்குதளம். திருத்தணிப் பயனருக்கு அது பாதி வழி. ஒரே மென்பொருள் இரண்டு ஊர்களில் இரண்டு மதிப்பெண் பெறும் நிலை இது.

எக்ஸ்பியிலும் இந்திய எழுத்துகள் தாமாக இயங்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்துக்குச் சென்று, நிறுவல் குறுந்தகட்டைச் செருகி, சிக்கல் எழுத்துகளுக்கான ஆதரவைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. குறுந்தகடு கையில் இல்லாதவருக்குத் தமிழ் கட்டங்களாகவே தெரிந்தது. அதன் தமிழ் விசைப்பலகையும் இன்ஸ்கிரிப்ட். தமிழ்99 வேண்டுவோர் வேறு மென்பொருளை நாடினர்.

வன்பொருளின் பங்கும் இங்குக் கருதத்தக்கது. விண்டோஸ் 98க்கு 16 மெகாபைட் நினைவகம் போதும். எக்ஸ்பிக்குக் குறைந்தது 64, பரிந்துரைத்த அளவு 128. ஆகவே பழைய பொறியை வைத்திருந்த சிற்றூர்த் தட்டச்சகம் ஒருங்குறிக்கு மாற வேண்டுமாயின் கணினியையே மாற்ற வேண்டும். எழுத்துச் சீர்மை பற்றிய விவாதம் மாநாடுகளில் குறியாக்கத்தைச் சுற்றி நிகழ்ந்தது. கடைவீதியில் அது நினைவகச் சில்லின் விலையைச் சார்ந்திருந்தது. எட்டு நுண்மி எழுத்துருக்கள் ஒருங்குறி வந்த பின்னும் நெடுங்காலம் நீடித்தமைக்குப் பழக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

தமிழ்நாடு அரசு 2010 சூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், ஒருங்குறியைத் தரப்பாடாக ஏற்றது. ஒருங்குறி இயங்காத இடங்களில் 'டேஸ்16' என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தைப் பயன்படுத்தவும் ஆணை வகை செய்தது. டேஸ்16 தமிழின் உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருவது. அகரவரிசையும் அதில் நேராக அமையும். இஸ்கியின் மீது தமிழறிஞர் கூறிவந்த குறைக்கு அது முறையான மறுமொழி. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இயங்குவது. அதற்கென அமைந்த எழுத்துரு இல்லாத பொறியில், எல்லைக்கு அப்பாலுள்ள அலுவலகத்தில் உட்பட, அதனைப் படிக்க இயலாது.

மறு ஆண்டு, 2011 செப்டம்பர் 15 அன்று, மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. இத்திட்டத்தைப் பற்றிய விவாதங்கள் செலவு, தரம், விண்டோசா லினக்சா என்னும் தேர்வு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. கொள்முதல் செய்த எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்சுக்கு மாறியிருந்ததால் மூன்றாவது கேள்வி கூர்மையாக எழுந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய, 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் இந்திய எழுத்துகள் பலவற்றையும் ஒருசேர ஏற்பது. விண்டோசின் புதிய பதிப்புகளும் குறுந்தகட்டின் தேவையின்றி இரண்டு எழுத்துகளையும் காட்டின. எந்த இயங்குதளத்தைத் திறந்தாலும் எல்லைப்புற மாணவர் ஒருவர் தம் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வரியில் எழுதலாம் என்பது, விவாதித்த எவரும் மதிப்பெண் வழங்காத சிறப்பாக அமைந்தது.

இவ்வாறு எழுத இடமளித்தது, தமிழறிஞர் குறைகூறிய அதே இஸ்கிச் சட்டகம்தான். ஒருங்குறி அதனைப் பின்பற்றியே இந்திய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் 128 இடங்களை ஒதுக்கியது. தமிழ்ககரத்தின் எண் 2965. தெலுங்குக் ககரத்தின் எண் 3093. வேறுபாடு சரியாக 128. மற்ற எழுத்துகளும் அவ்வாறே இணையாக நிற்கின்றன. தமிழ் ழகரம் 2996இல் உள்ளது. அதற்கு நேரான 3124ஆம் இடம் தெலுங்குப் பகுதியில் நெடுங்காலம் வெற்றிடமாக இருந்தது. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் வழங்கிப் பின்னர் மறைந்த ழகரத்துக்கென 2014இல் வெளியான ஒருங்குறியின் ஏழாம் பதிப்பு அவ்விடத்தை நிரப்பியது.