குடுமியான்மலை இசைக்கல்வெட்டும் இருமொழிக் கல்வியும்

வடமொழியோ தென்மொழியோ என்னும் வழக்குச் சைவர்களிடையே நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றது. ஒன்றைப் பற்றி நிற்போர் மற்றொன்றைக் கற்றலை வீண் உழைப்பெனக் கருதுதலும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஒரு பாறை இவ்வழக்கிற் சான்றாய் நிற்றலை ஈண்டு எடுத்துக் காட்டுவாம்.

சிகாநாதப் பெருமான் திருக்கோயிலைச் சார்ந்த மேலைக்கோயில் என்னும் குடைவரையை அடுத்து, பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக்கல்வெட்டு உளது. 1904-ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. பின்னர்ப் பண்டார்கர் என்பார் ‘எபிகிராபியா இண்டிகா’ 12-ஆம் தொகுதியிற் பதிப்பித்தார். எழுத்தமைதி நோக்கிக் கி.பி. 7-ஆம் நூற்றாண்டினது என்பர். சிவபெருமானை வணங்கித் தொடங்கும் இது, ஏழு பகுதிகளில், சுரங்களை நந்நான்காக வகுத்துக் காட்டுகின்றது. உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரம மாகேசுவரனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர் நலங்கருதி இயற்றினான் என இறுதியிற் காண்கின்றோம். அவன் மகேந்திரவர்மனே என்பாரும் மறுப்பாரும் உளர். கல்லில் அவன் பெயர் இன்மையின் அவ்வாராய்ச்சியுள் யாம் புகுந்திலேம்.

எம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. வடமொழி முடிந்தவிடத்தே தமிழ்த்தொடர் ஒன்று நிற்கின்றது. இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியன என்பது அதன் பொருள். நரம்பின் தொகையைக் குறித்தது என்று கொள்வாருளர். இலக்கணத்தை வடமொழியில் வகுத்தவிடத்தும், கருவியைக் கையில் எடுப்பானுக்கு வேண்டுங் குறிப்பு தமிழிலேயே தரப்பட்டது. வடமொழி மட்டும் வல்லார் இத்தொடரைக் கடந்து போவர்.

தமிழ் மட்டும் வல்லார் இழப்பது அதனினும் பெரிது. அவ்வேழு பகுதிகளின் பெயர்களுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்பன மூன்று. மூன்றாந் திருமுறையில் ஆளுடைய பிள்ளையார் அருளிய பதிகங்களுக்குரிய பண்களுள்ளும் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பன உள! பிள்ளையார் திருவவதாரமும் அந்நூற்றாண்டினதே. பெயர் ஒத்தமையானே இசையும் முற்றும் ஒன்றெனத் துணிதல் கூடாது. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதும் எளிதில் முடிவதன்று. ஆயினும் அவ்வினா எழுதற்கே இருமொழியறிவும் வேண்டும்.

1785-இல் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான யோகிகள் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியதும் இத்தகைய அறிவினாலன்றோ?

கிரந்தம் வல்லார் ஒருவரும் பண்முறை பிறழாது ஓதும் ஓதுவார் ஒருவரும் ஒருங்கு சென்று அப்பாறைமுன் நின்று, ஒருவர் சுரத்தைப் படிக்க, மற்றவர் சாதாரிப் பதிகம் ஒன்றைப் பாடிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது விருப்பம்.