ஒலிபெருக்கி ஓய்ந்த வேளையில்

நம் சங்க விழாக்களுக்கு வருவோர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. பாடகர் ஆலாபனையில் மேல் சட்ஜத்தை எட்டும் வேளையில் ஒலிபெருக்கி ஊளையிடும். அல்லது அடியோடு ஓய்ந்துவிடும். பாட்டு நிற்கும். சபை பேசத் தொடங்கும். மைக்காரரை நோக்கிப் பத்துக் கைகள் நீளும். பாட்டு ஏன் நிற்கவேண்டும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இக்கேள்வியைக் கேட்பதற்கு நாம் வாழும் புணே நகரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தல்' 1880-ஆம் ஆண்டில் அரங்கேறியது இங்கேதான். மராத்தி இசை நாடகத்தின் பொற்காலத்திற்கு அதுவே வாயில். அன்று மேடையில் ஒலிவாங்கி இல்லை. நம் தமிழகத்திலும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை விடியவிடியப் பாடி நடித்தவர்கள் தத்தம் தொண்டையையே நம்பியிருந்தார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடியது வெறும் அலங்காரத்திற்காக அன்று. கடைசி வரிசையில் காசு கொடுத்து அமர்ந்தவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் அது. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே ஒலிபெருக்கி மேடைகளில் பரவிற்று. பாடகர்களின் சுருதிக் கட்டையும் மெல்ல இறங்கிற்று.

இதனை இழப்பென்று மட்டும் சொல்ல நாம் ஒருப்படோம். மென்குரலும் வீணையும் பேரரங்குகளில் இடம் பெற்றது ஒலிவாங்கியின் கொடையே. தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாகப் பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய விழாவிற்கு இன்று ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலியின் வலிமை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும்; சுவரும் கூரையும் திருப்பி அனுப்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அத்தகைய இடத்தில் கருவி பழுதாயின் பாடகர் நிறுத்துவதே முறை.

ஆனால், இருநூறு பேர் அமரும் கூடத்தில்? ஊளைக்குக் காரணம், பெருக்கி வெளியிட்ட ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து சுழல்வதே. அளவைச் சற்றுக் குறைத்து, ஒலிவாங்கியைப் பாடகரின் வாய்க்கு அருகே நகர்த்தி, பெருக்கிகளை மேடைக்கு முன்னே தள்ளிவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மின்சாரமே போயிற்றென்றால் மின்விசிறிகளும் ஓய்ந்துவிடும். அரங்கில் அத்தகைய அமைதி வேறெப்போதும் வாய்ப்பதில்லை! மிருதங்கக்காரர் கையை அடக்கி வாசிக்க, பின்வரிசையினர் முன்னே வந்து அமர்ந்தால் கச்சேரி தொடரலாம்.

தொடர விடாமல் தடுப்பது வேறொன்று. ஒலிபெருக்கியோடு மின் தம்புராவும் ஊமையாகிவிடுகிறது. உரப்புக் குறைவதைப் பயின்ற குரல் ஓரளவு ஈடுசெய்யும். சுருதி போனால் எதைப் பற்றிப் பாடுவது? ஆகவே, மின்கலம் ஒன்றையும் அதற்கு மேலாகச் சுருதி கூட்டிய மரத் தம்புரா ஒன்றையும் மேடையில் வைத்திருத்தல் வேண்டும். தம்புராவுக்குப் பெயர்பெற்ற மிரஜ் நகரம் நமக்குத் தொலைவில் இல்லை.

அந்த மிரஜில் வாழ்ந்தவர், 1913-இல் புணேயில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தை நிறுவியவர், சவாய் கந்தர்வரின் குருவான உஸ்தாத் அப்துல் கரீம் கான். தியாகராஜரின் கிருதியையும் இசைத்தட்டில் பாடியவர் அவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரயிலில் செல்லும் வழியில் உடல் நலிவுற்று, செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் அமர்ந்து, தம்புராவைச் சுருதி கூட்டச் செய்து, தர்பாரி இராகத்தில் இறைவனை வேண்டிப் பாடினார் என்றும், பாடி முடித்தபின் அங்கேயே உயிர் பிரிந்தது என்றும் சொல்வர்.