மெழுகு ஒட்டில் லேசர்: வாட்டா, கலவையா?

மெழுகு மாதிரியைச் சுற்றிப் பீங்கான் ஓடு (ஷெல்) எழுப்பி உலோகம் வார்க்கும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் ஆலைகளில், அம்மாதிரிகளை ரன்னரோடு (உலோகம் பாயும் வழிக்கான மெழுகுத் தண்டோடு) ஒட்டும் வேலை இன்றும் பல இடங்களில் சூடான கத்தியை நம்பியே நடக்கிறது. இரு முகங்களுக்கும் நடுவே கத்தியை நுழைத்து, இரண்டும் உருகியதும் அதை உருவிவிட்டு அழுத்திப் பிடிக்கிறார்கள். இங்கே லேசரைப் புகுத்துவதற்கு வேகமும் தானியக்கமும் முதற்காரணங்களாகச் சொல்லப்படுவதுண்டு. ஒட்டின் தரமே முதற்காரணமாக வேண்டும். அத்தரத்தை லேசரின் வாட் அளவைவிட மெழுகுக் கலவையே தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

தரம் என்று நான் சொல்வது ஒட்டின் வலிமையை மட்டுமல்ல. ஒட்டில் மயிரிழை இடுக்கு விட்டுப்போனால், பீங்கான் ஸ்லரியில் தோய்க்கும்போது ஸ்லரி அதற்குள் புகுந்து உலர்ந்துவிடும். ஆட்டோகிளேவின் நீராவியில் மெழுகு உருகி வெளியேறியபின், உலர்ந்த அந்த ஸ்லரி ஷெல்லின் உட்புறத்தில் மெல்லிய தகடாக நீட்டிக்கொண்டு நிற்கும். உலோகம் பாயும் வழியிலேயே இருப்பதால் ஒடிந்து, வார்ப்புக்குள் அடித்துச் செல்லப்படும். நிக்கல் உயர்கலவையில் வார்த்த டர்பைன் இறக்கையில் அத்தகைய துணுக்கு ஒன்றே விரிசலுக்கு வித்தாகலாம். கத்தியிலிருந்து சொட்டும் மெழுகோ மாதிரியின் மேல் படிந்து உலோகத்தில் மேடாகத் தெரியும்.

தொடாமல் சூடேற்றும் லேசர் சொட்டும் குறையை நீக்கும். இடுக்கைத் தானாக நீக்காது. வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருவத்தின் உறுப்புகளைக் காய்ச்சிய கருவியால் இணைக்கும்போது, இடைவெளி தெரிந்தால் மெழுகு வைத்து நிரப்பிவிட முடிகிறது. லேசரால் அது முடியாது. இருக்கும் மெழுகைத்தான் அது உருக்கும்.

ஆற்றல் இங்கே பெரிய தடையே இல்லை. பாரஃபின் வகை மெழுகை அறை வெப்பநிலையிலிருந்து உருக்க கிராமுக்கு ஏறத்தாழ 300 ஜூல் தேவை. 10 மி.மீ. நீளமும் 1 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் உள்ள ஒட்டுக்கு 3 ஜூல்கூட ஆகாது. 5 வாட் லேசர் ஒரு நொடிக்குள் அதைத் தந்துவிடும். ஆனால் மெழுகு வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகிறது, 1 மி.மீ. ஆழத்துக்கு வெப்பம் இறங்கச் சில நொடிகள் பிடிக்கும். மேல்தோலிலேயே உறிஞ்சப்படும் ஒளியை அவசரமாகக் கொட்டினால் மேலே புகைந்து குழி விழும், அடியில் மெழுகு திடமாகவே கிடக்கும். வாட்டைக் கூட்டுவது இந்தக் குறையை வளர்க்கவே செய்யும்.

ஆகவே எந்த அலைநீளம் எவ்வளவு ஆழம் போகும் என்பதே கேள்வி. கார்பன் டை ஆக்சைடு லேசரை மெழுகு நன்றாக விழுங்கிவிடும் என்று பொதுவாக நம்புகிறார்கள். ஆனால் பாரஃபினின் வலுவான உறிஞ்சல் பட்டைகள் 3.4, 6.8, 13.8 மைக்ரோமீட்டர்களை ஒட்டி இருக்கின்றன. அந்த லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் இவற்றில் எதிலும் விழுவதில்லை. அங்கே உறிஞ்சல் பெரிதும் கலவையிலுள்ள பிசின்களையும் நிரப்பிகளையும் பொறுத்தது. கலவை மாறினால் ஒட்டும் மாறும். 0.8 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலான டயோடு லேசரையோ தூய மெழுகு உறிஞ்சுவதே அரிது. நிரப்பித் துகள்களும் மெழுகுப் படிகங்களும் அதைச் சிதறடிக்கும்.

ஒளியை உறிஞ்சாத இந்தப் பலவீனத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஒட்டலில் ஒளியைக் கடத்தும் பாகத்தின் வழியே கற்றையைச் செலுத்தி, அதை உறிஞ்சும் பாகத்தின் முகத்தில் வெப்பத்தை உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட முறை. மெல்லிய கேட் (ரன்னரோடு சேரும் கழுத்து) உள்ள மாதிரியை ரன்னரின் மேல் அழுத்தி வைத்து, கேட்டின் ஓரத்து வழியே டயோடு ஒளியைச் சாய்வாகச் செலுத்தினால் வெப்பம் ஒட்டும் முகத்திலேயே பிறக்கும். உருகும் மெழுகு விரிவதால், அழுத்தமும் சேர்ந்து சிறு இடுக்கை அது நிரப்பவும் கூடும். தடித்த கேட்டுக்கு இது பொருந்தாது.

இம்முறைக்காக மாதிரி மெழுகை மாற்றக்கூடாது. அதிலுள்ள நிரப்பி சுருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது; அதில் கைவைத்தால் அச்சின் அளவுகள் அத்தனையும் பிசகும். மாற்ற வேண்டியது ரன்னர் மெழுகைத்தான். பல ஆலைகளில் அது ஏற்கனவே மீட்டெடுத்த மெழுகாகவே இருக்கிறது. ஒளியை உறிஞ்சுவதற்காக அதில் சிறிதளவு கார்பன் பிளாக் என்னும் கரித்தூள் சேர்க்கலாம். ஷெல்லைச் சுடும்போது போதிய காற்று இருந்தால் அது எரிந்துவிடும். கருத்த மெழுகு மீட்டபின் மீண்டும் ரன்னருக்கே போவதால் மாதிரியிலும் கலக்காது. லேசர் வாங்க முனையும் ஆலை, தன் மாதிரி மெழுகில் 1, 2, 3 மி.மீ. தகடுகள் வார்த்து, அவை எவ்வளவு ஒளியைக் கடத்துகின்றன என்று முதலில் அளந்து பார்க்கட்டும். வாட் அளவை அதன்பின் முடிவு செய்யலாம்.