பனங்கை போட்ட வீடு

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் பழைய ஓட்டு வீடு எதுக்குள்ளயாவது போனா, ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. கருகருன்னு வரிசையா இறங்குதே, அதுதான் பனங்கை. கடையில வாங்கினது இல்லைங்க. தோட்டத்துப் பனையை அங்கேயே வெட்டி, அங்கேயே பிளந்து, செதுக்கி மேல ஏத்தினது.

தெக்கே ஆனைமலை, தேக்குக்குப் பேர் போன காடு. ஆனா அந்தத் தேக்கு நம்ம குடியானவர் வீட்டுக்கு வரலை. 19-ம் நூற்றாண்டுல பம்பாய் கப்பல் தளத்துக்குப் போச்சு. மலை மேல இருந்து கட்டைகளைச் சறுக்கி விட்ட இடம்தான் இன்னைக்கு டாப்சிலிப். 1882-ல சென்னை வனச்சட்டம் வந்தப்புறம் ரிசர்வ் காட்டுக்குள்ள கோடாலியோட போனா குத்தம். ஆக, வேலியும் வரப்பும்தான் நம்மாளுக்கு மரக்கடை.

கொறங்காட்டைச் சுத்தி கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவே வெள்வேல். வெள்வேல் காய் மாட்டுக்கு, கட்டை கலப்பைக்கு. வண்டிக்குக் கருவேலம். நிலவு கதவுக்கு வேம்பு, பூச்சி அண்டாது. கூரைக்குப் பனை.

பனையில ஒரு விசேஷம். மத்த மரத்துக்கு வைரம் நடுவுல, பனைக்கு வெளியில. உள்ளே வெறும் சோறு. பலகை மாதிரி அறுத்தா பாதிக்கு மேல வீண். நீளவாக்குல ஆப்பு அடிச்சுப் பிளந்து, சோத்தை வாச்சியால செதுக்கித் தள்ளிட்டு, வெளிவட்டத்தை மட்டும் எடுத்துக்கணும். அதுலயும் மேலே போகப் போக வலு கம்மி. எவ்வளவு உசந்த மரமா இருந்தாலும் கைமரத்துக்கு ஆகறது அடிப்பாகம்தான். இளம்பனை உதவவே உதவாது. பாட்டன் காலத்து மரத்துலதான் பேரனுக்கு வீடு! பழைய வீடெல்லாம் நீளமாவும் அகலம் கம்மியாவும் இருக்கறதுக்கு இந்த அடிமர நீளமும் ஒரு காரணம்ங்கறது என் கணிப்பு.

வேம்புக்கு ரம்பம். குழி வெட்டி, மேலே கட்டையைக் கிடத்தி, நூல்ல கரி தடவிச் சுண்டிக் கோடு போட்டுக்குவாங்க. ஆள் உயர ரம்பத்தை மேல ஒருத்தர், குழிக்குள்ள ஒருத்தர் இழுக்கணும். மரத்தூள் பூரா கீழ நிக்கறவர் தலையிலதான், பாவம் :-)

இந்தக் கணக்கையெல்லாம் மாத்தினது ஓடுன்னு சொன்னா நம்புவீங்களா? 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. நாட்டு ஓட்டுக்குக் கைமரம் கொஞ்சம் கோணலா இருந்தாலும் பரவாயில்லை. சீமை ஓடு அப்படி இல்லை. ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கறது. ரீப்பர் எல்லாம் ஒரே இடைவெளியில, நேரா இருந்தாத்தான் உக்காரும். பிளந்த மரத்துக்கு இருந்த மரியாதை அறுத்த மரத்துக்குப் போனது இப்படித்தான். அப்புறம் மில்லு வந்துச்சு, கான்கிரீட் வந்துச்சு, அதெல்லாம் எல்லா ஊர்லயும் நடந்த கதைதான்.

திருப்பூருக்குன்னு தனியா நடந்தது வேற. 1970-களோட கடைசியில பனியன் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பிச்சதும் சாயப்பட்டறைகள் பெருகுச்சு. சாயம் காய்ச்ச கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. எந்த மரம் எதுக்கு ஆகும்னு பார்த்த ஊர்ல, எத்தனை டன் தேறும்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நொய்யல் தண்ணிக்காக. அந்த வழக்குல மரத்துக்கு யாரும் வாதாடலை.

2021 வேளாண் பட்ஜெட்ல, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு அறிவிச்சாங்க. ரொம்ப நல்லது. மரம் கொஞ்சம் மிஞ்சும். ஆனா ஆப்பை எங்க வச்சா பனை நேரா பிளக்கும்னு தெரிஞ்சவங்க எங்க பக்கம் எல்லாருமே எழுபதைத் தாண்டினவங்க. அவங்ககிட்ட கேட்டு எழுதி வைக்கறதுக்காவது யாராச்சும் உக்காரணும்.

எங்க பக்கம் பனங்கை. சில ஊர்ல பனஞ்சாத்து, சில ஊர்ல பனை வாரை. உங்க ஊர்ல என்ன பேருங்க?