வெள்ளித்திரையில் வேற்று நாவின் ஒலி

ஒருவர் ஊர்ப்பெயரை ஒலிக்கும் விதத்தைக் கொண்டே அவர் எத்திசையினின்று வந்தவர் என்று சொல்லிவிடலாம். நம் விழிஞ்ஞம் அதற்கு நல்ல உரைகல். அப்பெயரில் ழகரமும் உண்டு. இரட்டித்த ஞகரமும் உண்டு. ஆய் மன்னர்களின் துறைமுகமாயிருந்த இவ்வூரின் பெயரை இங்குப் பிறந்த மலையாளி இயல்பாக ஒலிக்கிறார். தமிழகத்திலிருந்து விருந்துக்கு வரும் நம் உறவினருள் பலர் ‘விளிஞ்சம்’ என்றே சொல்லிப் போகின்றனர். 2025 மே மாதம் திறக்கப்பெற்ற புதிய துறைமுகத்துக்கு வருவோர் நாவில் இப்பெயர் இன்னும் என்னென்ன வடிவம் கொள்ளுமோ, அறியோம்! பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே பல்லாண்டு அமர்ந்திருப்பவனுக்கு, முகத்தை நோக்குமுன் நாவைக் கேட்டறியும் பழக்கம் தானே வந்துவிடுகிறது. அந்தச் செவியோடு பழைய பாட்டுப் படங்களைக் கண்டால், வேற்று மொழியினராகத் தோன்றும் கதைமாந்தரின் பேச்சு பெரும்பாலும் நம்பும்படியாக இல்லை. அதன் காரணத்தைத் தேடினால் படவுலகின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியதாகிறது.

தமிழின் முதற் பேசும் படம் எனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படம் பம்பாயில் எடுக்கப்பட்டது. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். நாயகர் பி. ஜி. வெங்கடேசனுக்குத் தமிழ் சரளமாக வாராமையால் அவர் தெலுங்கில் மறுமொழி கூறினார். எல். வி. பிரசாத் இந்தியில் பேசினார். இன்று நமக்கு நகைப்புத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது என்பது என் கருத்து. அவரவர் வாயில் அவரவர் மொழியே இருந்தது. எவரும் எவரைப் போலவும் பேச முயலவில்லை.

அந்த நிலை நீடிக்கவில்லை. நாடகக் கம்பெனிகளில் பயின்றோர் படங்களுக்கு வந்தபோது மேடைத் தமிழும் உடன் வந்தது. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய தமிழ் அது. மதுரைப் பையனுக்கும் நாஞ்சில் நாட்டுப் பையனுக்கும் ஒரே அளவாய்த் தைத்த சட்டை. கண்டியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன் இளமையிலேயே அத்தகைய கம்பெனியில் சேர்ந்து பயின்றவர். அவரை 1936இல் ‘சதி லீலாவதி’ மூலம் திரையில் அறிமுகப்படுத்திய எல்லிஸ் ஆர். டங்கனோ தமிழறியாத அமெரிக்கர்! தமிழறியாதவர் இயக்க, மலையாளக் குடும்பத்துப் பிள்ளை நடிக்க, வெளிவந்தது மாசற்ற மேடைத் தமிழ்.

மலையாளத்தின் முதற் பேசும் படமான ‘பாலன்’ பிறந்த கதையும் இதற்கு இளைத்ததன்று. அது 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி. ஆர். சுந்தரத்தின் தயாரிப்பாக உருவாயிற்று. எஸ். நொட்டாணி என்னும் பார்சி அதனை இயக்கினார்.

பின்னர் நம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் பிறந்த பத்மினி தமிழ்த் திரையின் தலைசிறந்த நாயகியருள் ஒருவரானார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சோழநாட்டு நடனமங்கையாக அவர் பேசும்போது, செவியைக் கூர்மையாக்கிக் கேட்டாலன்றிப் பூஜப்புரையின் சுவடு புலப்படாது. எஸ். பி. பாலசுப்பிரமணியம் முதன்முதலாக எம். எஸ். விசுவநாதனை அணுகியபோது, தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வருமாறு அறிவுறுத்தப்பட்டார். அவர் அவ்வாறே பயின்று, 1969இல் ‘அடிமைப் பெண்’ வாயிலாகப் புகழ்பெற்றார். சொன்னவரும் பாலக்காட்டு மலையாளி என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். இந்த விதிக்குத் தப்பியவர் பி. சரோஜாதேவி. கன்னடத்தின் குழைவை அவர் விடவுமில்லை. எவரும் விடச் சொல்லவுமில்லை. ‘புதிய பறவை’யில் (1964) அவர் ‘கோபால்’ என்று நீட்டி விளித்ததை இன்றும் வீடுகளில் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இவ்வாறு, உண்மையாகவே வேற்று நாவுடையோர் அதனை மறைக்கப் பயிற்றப்பட்டனர். வேற்று நா வேண்டிய பாத்திரங்களையோ, பெரும்பாலும் அந்த நா இல்லாதவரே ஏற்றனர். நான் சொல்லவந்த செய்தி இதுதான்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தை எண்ணிப் பாருங்கள். ஜாக்சன் துரையாக சி. ஆர். பார்த்திபனும், பானர்மனாக ஜாவர் சீதாராமனும் நடித்தனர். இருவரும் திறமை மிக்கோர். அவர்கள் மீது குறையில்லை. ஆயினும் 1798இல் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த சந்திப்பை எண்ணும்போது ஒன்று உறுத்துகிறது. அக்காலக் கும்பெனி அதிகாரிகள் பெரும்பாலும் துபாஷிகளின் வாய்வழியே பேசியவர்கள். கட்டபொம்மனின் குலத்தாரோ இல்லத்தில் தெலுங்கு பேசியவர்கள். திரையில் ஒருவர் கனல் பறக்கும் செந்தமிழும், மற்றவர் துரைத்தமிழும் பேசுகின்றனர். துபாஷியைக் காணோம்! இரு தரப்பிலும் உண்மை நா மறைந்தது. படத்துக்கு அது நன்மையே. 1960இல் கெய்ரோ விழாவில் சிவாஜி கணேசனுக்குப் பரிசும் கிட்டியது. ஆனால் பின்வந்த படங்களில் துரைத்தமிழ் ஒரு வாய்பாடாகிவிட்டது. தகரத்தை டகரமாக்கினால் துரை, அவ்வளவுதான். ஆங்கில நாவுக்கு நம் தகரம் கடினம் என்பது மெய்யே. ஆனால் ‘டமிழ்’ என்று தடுமாறும் திரைத் துரை, அதே சொல்லின் ழகரத்தை மட்டும் வழுவின்றி ஒலித்துவிடுகிறார். எந்த நாட்டுத் துரை அவர்?

தேநீர்க்கடை நாயர் பாத்திரத்துக்கும் இதே கதிதான். மூக்கால் பேசி, இடையிடையே ‘ஞான்’ என்று சேர்த்துவிட்டால் மலையாளி என எண்ணுகின்றனர். மெய்யான மலையாளி தமிழ் பேசினால் ‘மலை’ ‘மல’யாகும், ‘தேங்காய்’ என்பதில் ககரம் ஙகரத்தில் கரைந்துவிடும். ழகரமோ நம்மில் பலரைக் காட்டிலும் திருத்தமாக வரும். இவற்றைக் கேட்டறிந்து நடித்தவரை நான் அதிகம் கண்டதில்லை. மலையாளப் படங்களில் வரும் ‘பாண்டி’யும் பட்டரும் பேசும் தமிழ் இதற்குப் பழிவாங்கியது போல் அமைந்திருக்கும். நம் காலனிப் பிள்ளைகள் இவ்விரண்டு நகைப்புக்கும் இடையில் வளர்கிறார்கள். நெல்லையில் ஒரு திருமணத்துக்குப் போனால் ‘மலையாளத்தான்’ என்று சிரிப்பு. இங்கே பள்ளியில் ‘பாண்டி’ என்று சிரிப்பு. சிரிப்பவர்கள் கையாளும் ஒலிகள் அப்பிள்ளைகளின் வாயில் உள்ளவை அல்ல, படக்கொட்டகையில் கற்றவை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1964இல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ என்னும் பாட்டுப் படத்தில் அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் பேசிய இலண்டன் தெருப்பேச்சை ஆங்கிலேயர் அரை நூற்றாண்டுக்கு மேல் கேலி செய்தனர். 2017இல் அவர் நகைச்சுவையோடு மன்னிப்பும் கேட்டார்.

இனி, நம் கடற்கரைக்கு நெருங்கிய ஒரு படம். தகழியின் நாவலைத் தழுவி ராமு காரியாட் எடுத்த ‘செம்மீன்’ 1965இல் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. பரீக்குட்டியின் துயரப் பாடலை அதில் பாடியவர் வங்காளியான மன்னா டே. கண்ணூரைச் சேர்ந்த அவர்தம் மனைவியார் சுலோசனா உச்சரிப்பைக் கற்பித்தார் என்பர். கற்பித்தும் வங்கத்தின் நிழல் அதில் படிந்தேயிருக்கிறது. ஆயினும் கேரளம் அப்பாடலைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டது. அவர் மலையாளியைப் போல் நடிக்கவில்லை. மலையாளத்தில் பாட முயன்றார். அந்த முயற்சி காதுக்குத் தெரிகிறது.

மூன்றாண்டுகள் சென்றபின் 1968இல் அதே மன்னா டே ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூதுக்காகப் பாடினார். மெஹ்மூது அதில் மாஸ்டர் பிள்ளை என்னும் தென்னாட்டுச் சங்கீத ஆசிரியர். குடுமியும் ‘ஐயையோ’வும் தலையாட்டலுமாக வரும் அந்தத் தமிழர், பாட்டுப் போட்டியில் தோற்கிறார். உண்மையில் தமிழன் இந்தி பேசினால் இடறுவது வல்லோசைகளிலும், வினைச்சொல்லில் ஆண்பால் பெண்பால் அமைப்பதிலும்தான். வடக்கே பணிபுரிந்தோர் அனைவரும் இதனை அறிவர்.

அந்தப் போட்டியை மறுமுறை காண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மாஸ்டர் பிள்ளை தம் வித்தையைத் தாமே பாடுகிறார். எதிரே சன்னலில் நிற்கும் நாயகருக்குப் பாடவே தெரியாது. பின்னால் ஒளிந்திருந்து நண்பர் கிஷோர் குமார் பாட, நாயகர் வாயை மட்டும் அசைக்கிறார். கதைப்படி சங்கீதம் கற்றவர் தோற்கிறார்; இரவல் குரல் வெல்கிறது. தோற்ற அத்தமிழரின் உடல் பம்பாயில் பிறந்த மெஹ்மூதுடையது. குரல் கல்கத்தாவில் பிறந்த மன்னா டேயுடையது.