சாலையும் இடுப்பளவும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி ஏறும் சாலையில், மலை வளைவுகளுக்குச் சற்று முன்னால் ஆற்றோரமாக இருக்கிறது கல்லாறு. தலைநகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். இந்தத் தொலைவில் நகரம் எங்கே முடிகிறது என்று கோடு கிழிப்பது கடினம். வீடு, அதைச் சுற்றித் தோப்பு, தோப்பை ஒட்டிப் பாதை, அதற்கப்பால் இன்னொரு வீடு: மலையாள நாட்டின் இந்தக் குடியிருப்பு முறையை 14-ஆம் நூற்றாண்டிலேயே பயணி இபின் பதூதா குறித்து வைத்தார். 2001-இல் கேரளத்தில் 26 விழுக்காட்டினர் நகரவாசிகள்; 2011-இல் 47.7 விழுக்காடு. இப்படிப் புதிதாக நகரவாசிகளானவர்களில் பெரும்பாலோர் எங்கும் குடிபெயரவில்லை. விவசாயத்தை விட்டு ஆண்கள் வேறு வேலைக்குப் போனதும், இருந்த ஊரே கணக்கில் நகரமாகிவிட்டது. உடல் எடை விஷயத்திலும் இங்கே நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே கோடு தெளிவாக இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், உயரத்துக்கு மிஞ்சிய எடை கொண்ட பெண்கள் இந்திய நகரங்களில் 33 விழுக்காடு, கிராமங்களில் 20. கேரளத்தில் அத்தனை பெரிய இடைவெளி கிடையாது. மாநிலம் முழுவதுக்குமே பெண்களில் 38, ஆண்களில் 36 விழுக்காடு. ஆகவே இங்கே சுற்றுப்புறம் உடலை எப்படி மாற்றியது என்று பார்க்க நகர எல்லையைப் பிடித்துக்கொண்டு பயனில்லை. சாலையின் வரலாற்றைத்தான் பார்க்கவேண்டும்.

அந்த வரலாறு நடையில் தொடங்குகிறது. ஆனால் அதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. யார் நடப்பது, யார் வண்டியில் போவது என்பதைச் சாதி தீர்மானித்த நாடு திருவிதாங்கூர். 1893-இல் புலையர் சமூகத் தலைவர் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு கலகம். 1912-இல் நெடுமங்காட்டுச் சந்தைக்குள் நுழைவதற்கும் மோதல் நடந்தது. கல்லாற்றுக் காட்டில் வாழும் காணிப் பழங்குடி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர், சிறுமியாக நாள்தோறும் 10 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனவர். பாதை இல்லாததால் நடந்த நடை அது. அந்தக் கால்களின் வலுவைப் புகழ்ந்துவிட்டு, பாதை கேட்டவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

1938 பிப்ரவரி 20-இல் திருவிதாங்கூர் அரசின் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றை நடத்த லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்டர் என்ற அதிகாரி அழைத்துவரப்பட்டிருந்தார். அதே லண்டன் பேருந்துகள்தாம் பிறகு அசைவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய விவாதத்துக்கே அடிப்படை தந்தன என்பது வேடிக்கையான பொருத்தம். நாள் முழுக்க மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட மாரடைப்பு குறைவு என்று 1953-இல் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் காட்டினார். பேருந்தையே குற்றவாளியாக்க இது போதாது. பேருந்துக்குப் போகிறவர் நிறுத்தம் வரை நடக்கிறார், இறங்கியும் நடக்கிறார். வாசலிலேயே ஏறி வாசலிலேயே இறங்கவைத்தது அதற்குப் பின் வந்த இருசக்கர வண்டி. பிறகு அந்த வண்டிகளுக்கும் கார்களுக்கும் இடம்விட்டு நடப்பவர் ஓரத்துக்கு ஒதுங்கினார்.

எடை கூடியது சோற்றாலும் எண்ணெயாலும் வளைகுடாப் பணத்தாலும்தான், சாலையால் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். தட்டின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் தட்டுக்கு வருவதும் தெருவில் கிடைப்பதே. பேக்கரி எத்தனை அடியில், காய்கறிச் சந்தை எத்தனை மைலில் என்பதும் சுற்றுப்புறம்தான். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: கனத்த உடம்புக்காரர்களே அசையாத வேலையையும் அசையாத இடத்தையும் தேடிக்கொள்ளலாம் அல்லவா? மோரிஸுக்கே இது இடித்தது. பிறகு சீருடைகளின் இடுப்பளவைப் பார்த்தபோது, இளம் வயதிலேயே ஓட்டுநர்கள் நடத்துநர்களைவிடப் பருமனாக இருந்தார்கள். இதற்கு ஓரளவு பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வறுமை குறைந்த பகுதிகளுக்கு இடம்பெயர உதவினார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பார்த்ததில், வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம், கிடைக்காதவர்களைவிட மிகைப் பருமனும் நீரிழிவும் கொஞ்சம் குறைவாக இருந்தன. குலுக்கல் சீட்டுக்கு யாருடைய சுபாவமும் தெரியாது. விளைவு சிறியதுதான், ஆனாலும் இடத்துக்கென ஒரு பங்கு உண்டு என்று சொல்ல அது போதும்.

நம் பக்கத்துச் சான்று சென்னையில் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய ஆய்வொன்று நடுத்தர வருவாயினர் வாழும் திருமங்கலம் பகுதியையும் தியாகராய நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றையும் ஒப்பிட்டது. நீரிழிவு முதலாவதில் 12.4 விழுக்காடு, இரண்டாவதில் 6.5. உடற்பயிற்சியின் தேவையை ஆய்வாளர்கள் விளக்கிச் சொன்னதும் திருமங்கலம் ஏஷியாட் காலனிக்காரர்கள் சொந்தப் பணத்தில் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் ஏழு ஆண்டில் 14 விழுக்காட்டிலிருந்து 59 விழுக்காடாக உயர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் அந்தப் பகுதியில் நீரிழிவு 15.4, ஏழைக் குடியிருப்பில் அதே நோய் இரு மடங்குக்கும் மேலாகி 15.3-ஐத் தொட்டிருந்தது. பணமுள்ளவர்கள் தங்கள் சுற்றுப்புறத்தைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். நெடுமங்காட்டிலிருந்து கல்லாறு வரை சாலையோரம் குடியிருப்பவர்களில் எல்லோரும் அப்படிப் பணம் திரட்டிவிட முடியாது. அங்கே நடைபாதை போடவேண்டியது பொதுப்பணத்தின் வேலை.